கூரை இல்லாத காரின் பாரம்

கூரையை வெட்டி எடுத்தால் கார் லேசாகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் அதை ஒரு பொலிஸ் அதிகாரியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அண்ணன் ஏழு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்து ஐந்து மாதம்தான் உயிரோடு இருந்தான்.

இதை அம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும்.

எங்கள் வீடு பலாபத்வலவில், யாழ்ப்பாணத்துக்குப் போகிற பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. அப்பா செத்த பிறகு அம்மா தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுவிட்டு எங்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தாள். மிளகும் கராம்பும் காயவைக்கிற ஒரு ஸ்டோரில் அவளுக்கு வேலை. அண்ணன் மாத்தளை டவுனில் ஒரு கராஜில் டிங்கர் வேலை பழகினான். அடிபட்ட வண்டியின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, வெல்டிங் வைத்து ஒட்டி, பெயின்ட் வரைக்கும் கொண்டுவருகிற வேலை. பழகியதும் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு கொட்டகை போட்டுக்கொண்டான். சேன்ட் பேப்பர் தேய்க்கிறதும் புட்டி குழைக்கிறதும் என் வேலை. என் விரல் நுனியில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது அண்ணன், "ஒன்னைய திருட அனுப்பலாம் புள்ள, ரேகையே விழாது" என்றான்.

சண்டையை நிறுத்தி வைத்து, அடைத்திருந்த ரோட்டைத் திறந்துவிட்ட காலம் அது. வடக்கேயிருந்து வந்த ஒரு லொறியில் ஒரு சின்னக் கார் வந்து இறங்கியது. வெள்ளைக்காரன் காலத்துக் கார். அந்தப் பக்கத்து ஆட்கள் இப்படிக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியே காப்பாற்றி வைத்திருந்தார்களாம். எஞ்சின் நன்றாக இருந்தது. சீட்டும் இருந்தது. கூரைதான் செல் குண்டுத் துண்டு பட்டு முழுக்க ஓட்டை.

அம்மா வேலை விட்டு வந்து அதைப் பார்த்தாள். "என்னாடா இது, மா சலிக்கிறதுக்கா?"

"கூரதானம்மா ஓட்ட. கூரைய எடுத்துட்டா ஓட்டையும் இல்லதானே."

"அப்ப மழ பேஞ்சா?"

"மாப்பிள்ள நனைவாரு."

அவன் மனதில் இருந்தது மாப்பிள்ளை ஊர்வலம். தோட்டங்களில் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோயிலுக்கு ஊர்வலமாகக் கூட்டிப்போவார்கள். முன்னால் தப்பு மேளம் அடிக்கிறவர்கள், பின்னால் சனம். மாப்பிள்ளை வேனுக்குள் உட்கார்ந்திருந்தால் மாலையைக்கூட யாரும் பார்க்க முடியாது. கூரை இல்லாத கார் என்றால் லயத்து வாசலில் நிற்கிற எல்லாருக்கும் தெரிவார். மாத்தளைப் பக்கம் அப்படி ஒரு கார் யாரிடமும் இல்லை என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ரெண்டு நாள் இரும்பு அறுக்கிற வாளால் அறுத்தான். தூக்கி எடுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. ஒரு மூலையை நான் பிடித்தேன். அந்தக் கூரையைக் கொண்டுபோய் விறகு அடுக்கியிருந்த இடத்துக்கு மேலே போட்டோம். இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. வெயில் நேரத்தில் ஓட்டை வழியாக விறகின்மேல் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும். அவ்வளவு பெரிய தகரம் காரை விட்டுப் போய்விட்டது. பாரம் குறையாமல் என்ன செய்யும்? அதில் யோசிக்க எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

முதல் ஊர்வலத்தில் மானம் போனது. மாப்பிள்ளை, தோழன், தட்டோடு ஒரு அத்தை, இடுக்கில் ஏறிக்கொண்ட மூன்று பிள்ளைகள். கோயில் வாசலில் போய் நின்றால் கதவு திறக்கவில்லை. அண்ணன் இழுத்தான், காலால் மிதித்தான். மற்றப் பக்கத்துக் கதவும் அப்படியே.

கூட்டத்தில் ஒருவர், "என்னா டிங்கர், மாப்பிள்ளையையும் சேத்து வெல்டிங் பண்ணிட்டியா?" என்றார்.

"பொண்ணுக்கு ஆள் அனுப்புங்கப்பா, காருக்குள்ளயே தாலி கட்டட்டும்" என்றார் இன்னொருவர்.

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவுக்கு மேலே ஏறிக் குதித்தார். தப்பு அடிக்கிறவர்கள் அதற்கென்று தனியாக ஒரு அடி அடித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் இறங்கிய பிறகு கதவு தானாகத் திறந்துகொண்டதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் காலையில் நான் அடுப்புக்கு முன்னால் இருந்தேன். அவன் வந்து நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தான். உள்ளே இருந்த குச்சியையெல்லாம் தரையில் கொட்டினான்.

"இங்க பாரு புள்ள, இதுதான் காரு. இத முறுக்கிப் பாரு."

"அண்ணே, குச்சிய ஏன் ஈரத்துல கொட்டுற? தண்ணி கொதிக்க வேணாமா?"

"பாருங்கிறேன். உறைய எடுத்துட்டேன். இப்ப..."

"ஆமா ஆமா, வெளங்குது. குடு பெட்டிய."

"என்னா வெளங்குது?"

"கூர இல்ல. கதவு தெறக்கல. ஆமா."

அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான். நான் நல்ல குச்சியாகத் தேடிப் பொறுக்கி அடுப்பைப் பற்றவைத்தேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் தேத்தண்ணி கொஞ்சம் பிந்தியிருக்கும். வேறு ஒன்றும் ஆகியிருக்காது.

அதற்குப் பிறகு அவன் காரைத் தலைகீழாகப் புரட்டி வைத்து வேலை செய்தான். கதவுக்குக் கீழே ரெண்டு பக்கமும் நீட்டுக்குத் தடித்த தகரத்தில் பெட்டி மாதிரி செய்து ஒட்டினான். குறுக்கேயும் ரெண்டு போட்டான். ஒரு பழைய தேயிலை ஃபெக்டரியில் கழித்த இரும்புச் சட்டங்கள் அதற்குள்ளே போயின. முன் கண்ணாடி ஆடாமல் இருக்க அதன் கால்களுக்கும் இரும்பு. பெட்டியை மூடி ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே துரு ஏறாமல் இருக்கச் சிவப்புப் பெயின்ட் ரெண்டு தரம் பூசச் சொன்னான். என் கைதான் உள்ளே நுழையும். முழங்கை வரைக்கும் விட்டுப் பூசினேன்.

"யாரும் பாக்கப் போறதில்லதானே, ரெண்டாந் தரம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"யாரும் பாக்கமாட்டாங்கன்னுதான் ஒழுங்கா பூசணும்" என்றான்.

கடைசியாக மழைக்கு ஒரு ரெக்சின் கூரை. மடக்கி விரிக்க அதற்குப் பைப்பில் ஒரு சட்டம். அந்தச் சட்டத்தைத் தனியே என்னால் தூக்க முடியவில்லை. இவ்வளவையும் நான் பார்த்தேன். பார்த்தும், விறகுமேல் கிடந்த அந்தப் பெரிய கூரைதான் என் கண்ணுக்குப் பாரமாகத் தெரிந்தது. ஒட்டின பெட்டிகள் காருக்குக் கீழே இருந்தன. கண்ணில் படவில்லை.

ரெண்டு வருசம் கார் நன்றாக ஓடியது. கதவு பதமாக மூடியது. மேட்டில் மட்டும் முனகிக்கொண்டு ஏறும். "முழுகாம இருக்கிற பொம்பள மாதிரி போகுதுடா" என்பாள் அம்மா. "ஒன் கல்யாணத்துக்கு பொண்ணையும் இதுலதான் ஏத்துவேன், மாப்பிள்ள பின்னால நடந்து வரட்டும்" என்று அண்ணன் என்னிடம் சொல்வான்.

பிறகு சண்டை மறுபடி ஆரம்பித்தது. ரோட்டை மூடினார்கள். பத்து மைலுக்கு ஒரு செக்பொயிண்ட். அண்ணன் நாவுல என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ஊர்வலத்துக்குப் போய்விட்டுத் தனியே திரும்பும்போது வழியில் மறித்தார்கள். ஆள் இல்லாத கார் ஏன் இவ்வளவு பதிந்து போகிறது என்று ஒருவன் கேட்டிருக்கிறான். குனிந்து தட்டிப் பார்த்தால் அடியில் மூடி ஒட்டிய பெட்டிகள். காரின் பதிவுப் புத்தகத்தில் அதன் பாரம் எழுதியிருக்கிறது. லொறி நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். கூரையே இல்லை, ஆனாலும் புத்தகத்தில் இருப்பதைவிடக் கூட. உள்ளே என்ன வைத்து மூடியிருக்கிறாய் என்று கேட்டார்கள். கூரையை வெட்டினால் பாரம் கூடத்தான் செய்யும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். யார் நம்புவார்கள்?

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவன் வரவில்லை என்பது மட்டும்தான்.

மறுநாள் ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். ரெண்டு பேர் வாசலில் நின்றார்கள். அம்மா ஸ்டோருக்கு விசயம் சொல்லப் போயிருந்தாள். நான் தனியே. அவர் சத்தம் போடவில்லை. கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பேச்செல்லாம் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஐயா என்பதற்கு மாத்தையா என்பேன்.

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொரை கேட்டாலும், கணக்கப்பிள்ளை கேட்டாலும், அரசாங்கக் கச்சேரியில் பியோன் கேட்டாலும் முதலில் ஆமாம் என்போம். அம்மா எங்களுக்குச் சின்னதிலேயே சொல்லி வைத்திருந்தாள்: "பெரிய ஆளுங்க எது கேட்டாலும் மொதல்ல ஆமாங்கன்னு சொல்லிரு. யோசிக்கிறத அவங்க போனப்பொறகு யோசி."

"பயப்படாத நங்கி," என்றார் அவர். தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். "இந்தக் காரோட கூரைய அண்ணன் எதுக்கு வெட்டினான்? லேசாக்கத்தானே?"

"ஆமாங்க மாத்தையா."

"வெட்டினப்பொறகு லேசாயிருச்சா?"

"ஆமாங்க மாத்தையா."

"நீ பாத்தியா?"

"ஆமாங்க. நானும் ஒரு மூலைய புடிச்சேன்." எழுந்து கூட்டிப்போய் விறகுக்கு மேலே கிடந்த கூரையையும் காட்டினேன். அவர் அதன் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அவர் போனதும் எனக்குப் பெரிய நிம்மதி. எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டேன், இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அம்மா வந்ததும், "நல்ல மாத்தையாம்மா, தண்ணிகூட வாங்கிக் குடிச்சாரு" என்றேன்.

ஏழு மாதம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றினார்கள். குளிக்கச் சவர்க்காரமும் பிஸ்கட்டும் கட்டிக்கொள்ள ஒரு சாரமும் எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் பஸ் மாறி மாறிப் போவோம். மூன்று தடவைதான் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவனைப் பார்க்க முடிந்தது. மெலிந்து போயிருந்தான். இருமினான். ஒவ்வொரு தடவையும் காரைப் பற்றிக் கேட்டான். "வெயில்ல நிக்குதா? கீழ எதாவது முட்டு வச்சிருக்காங்களா?" எங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் அந்தப் பெட்டிகளை வெட்டிப் பார்க்க ரோட்டோரத்துக் கராஜ் ஒன்றிலிருந்து ஒரு வெல்டிங் பாஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிங்கள மேஸ்திரி. அவரே காரை லொறியில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். யாரும் அவரிடம் காரைக் கொண்டுவரச் சொல்லவில்லை. அம்மா தேத்தண்ணி ஊற்றினாள். அவர் வாசலில் நின்றே குடித்தார்.

"தம்பியோட வேலை சுத்தம்," என்றார். "நாலு பெட்டியையும் வெட்டினேன். உள்ள சட்டமும் செவப்புப் பெயின்டும்தான். ரெண்டு தரம் பூசியிருக்கான். தெறந்த காருக்கு அடியில இப்படிப் போடத்தான் வேணும், இல்லாட்டி நடுவுல மடியும்னு நான் ஐயாமாருக்குச் சொல்லிட்டேன். விட்டுருவாங்க."

நான் கும்பிட்டேன். அவர் கோப்பையைத் திருப்பித் தந்துகொண்டே சொன்னார்: "ஆரம்பத்துலயே ஆள் கூப்பிட்டுக் கேட்டிருப்பாங்க. ஆனா வீட்டுல லேசாக்கத்தான் வெட்டினதுன்னு கையெழுத்து வச்சிருக்காங்களாம். அவன் பாரம் கூடும்ங்கிறான், வீடு கொறையும்ங்குது. அப்ப அவன் பொய் சொல்றான்னுதானே ஆகும்."

அம்மாவுக்கு அவ்வளவு சிங்களம் தெரியாது. "என்னாடி சொல்றாரு?" என்று கேட்டாள்.

"காரு வேல நல்லா செஞ்சிருக்காம்மா."

அதுவும் பொய் இல்லை. கோப்பையைக் கழுவப் போனவள் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபடியே நின்றேன்.

ரெண்டு வாரம் கழித்து அண்ணன் வந்தான். நடந்து வந்தவன் வாசலில் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெஞ்சு கெட்டுப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து தந்தார்கள், வீட்டில் வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கொட்டகையில் காருக்குப் பக்கத்தில் கட்டில் போடச் சொன்னான். அடி வெட்டுப்பட்ட கார் நடுவில் தொங்கிப்போய், கதவுகள் கோணலாக நின்றன. திரும்ப ஒட்ட வேண்டும் என்று ஒரு நாள் வெல்டிங் கோலைக் கையில் எடுத்தான். இருமல் விடவில்லை. வைத்துவிட்டான்.

"நடுவுல ரெண்டு பக்கமும் கல்லு வையி புள்ள. இல்லாட்டி இன்னும் மடிஞ்சிரும்."

வைத்தேன். கதவு இடுக்கில் விரல் விட்டுப் பார்க்கச் சொன்னான். மேலே ஒடுங்கினால் கார் தொங்குகிறது என்று அர்த்தம். தினமும் விரல் விட்டுப் பார்த்து அவனிடம் சொல்வேன்.

ஒரு சாயங்காலம் கஞ்சி கொண்டு போனேன். அவன் தலைமாட்டில் நெருப்புப்பெட்டி இருந்தது. அதை எடுத்தான்.

"முறுக்கிப் பாரு."

முறுக்கினேன். அசையவில்லை. உறையைக் கழற்றிவிட்டு உள்பெட்டியை மட்டும் தந்தான். ரெண்டு விரலில் அது நெளிந்தது.

"கூர மழைக்கு மட்டும் இல்ல. முன்னையும் பின்னையும் அதுதான் சேத்துப் புடிச்சிருந்துச்சு. மேல வளைஞ்சு போற இரும்பு, கொஞ்சமா இருந்தாலும் பலம். அத எடுத்துட்டா அந்த வேலைய தரையே செய்யணும். தர தட்டையா இருக்கு. தட்டையானதுக்கு மடியிறது லேசு. அதனால எடுத்தத விட கூட இரும்பு கீழ போடணும். பொறகு மழைக்குன்னு ரெக்சின், அதுக்கு ஒரு சட்டம். எல்லாத்தையும் கூட்டிப் பாரு." இவ்வளவையும் சொல்ல நான்கு தடவை இருமினான். "வெளங்குதா?"

"ஆமாண்ணே."

என்னைப் பார்த்தான். வாயோரத்தில் பழைய சிரிப்பு கொஞ்சம் வந்தது.

"இது நெஜமான ஆமாவா, மாத்தையாவுக்குச் சொல்ற ஆமாவா?"

கஞ்சிக் கோப்பை என் மடியில் இருந்தது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை. உள்ளே அந்தத் தாளை அவனிடம் காட்டியிருப்பார்கள். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும். மூன்று தடவை வலைக்கு அந்தப் பக்கம் நின்று காரைப் பற்றிக் கேட்டானே, அப்போதும் தெரிந்துதான் கேட்டிருக்கிறான்.

மன்னிச்சிரு என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வரவில்லை. அதற்குப் பதில் நெருப்புப்பெட்டியை எடுத்து, அவன் சொன்னதை முதலிலிருந்து திருப்பிச் சொன்னேன். உறை, முறுக்கு, தரை, கீழே போட்ட இரும்பு, ரெக்சின், சட்டம். ஒரு இடத்தில் தடுமாறினேன். அவன் திருத்தவில்லை, காத்திருந்தான். சொல்லி முடித்ததும், "ம். சரிதான்" என்றான். கஞ்சியைக் குடித்தான்.

மழை மாதத்தில் ஒரு காலையில் போய்விட்டான். நான் கதவு இடுக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லத் திரும்பினேன்.

போன மாதம் சண்டை முடிந்துவிட்டது என்று டவுனில் பட்டாசு வெடித்தார்கள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்துப் பழைய இரும்பு எடுக்கிற ஒருவர் லொறியோடு வந்தார். அம்மாதான் சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுக்கு அந்தக் காரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கூட ஒரு ஆள் மட்டும் வந்திருந்தான்.

"கூர இல்லாத காருதானே தங்கச்சி. எஞ்சினையும் கழட்டி வித்திட்டீங்க. லேசாத்தான் இருக்கும். நாங்க ரெண்டு பேரே ஏத்திருவோம்."

"இல்லைங்க" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அவர் என்னை நம்பாமல் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். தகரம் சத்தம் போட்டதே தவிரக் கார் எழும்பவில்லை. ஏன் என்று கேட்டார். கூரை இருந்தால் லேசாக இருந்திருக்கும் என்று நான் விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போனார்.

அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒனக்கு இதெல்லாம் யாருடி சொல்லிக் குடுத்தா?"

"அண்ணன்தாம்மா. ரெண்டு தடவ சொல்லிச்சு."

"ரெண்டு தடவையா?"

"மொத தடவ நான் கேக்கல."

அதற்கு மேல் அன்றைக்குச் சொல்ல வரவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், அந்த ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு முன்னால்.